தோலுரிக்கிற சொக்ஸும் தீக்குழியும்

பரந்தன் சந்தி தொடங்கி மாங்குளம் வரைக்கும் தோலுரிக்கிற சொக்ஸ் விற்றவர்களில், ஒரு காலைக்கூடப் பழுதாக்காதவன் நான் ஒருவன்தான்.

இது பொய். முதலில் பழுதாக்கியதே என்னுடைய இரண்டு கால்களையும்தான்.

பான்சிக் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அனுபவம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். வசனம் நன்றாக இருந்தால் அது அவளுடையது. பொய்கள் என்னுடையவை. நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். ஒருமுறை ஒதுங்கப் போனேன்; இடம்பெயர்ந்த சனம் நிறைந்து உள்ளே நிற்க இடமில்லாமல் இருந்தது. அத்துடன் என் படிப்பு முடிந்தது.

கிளிநொச்சி ரவுணில் ஒரு கடையில் வளையல், பவுடர், பூச்சு, கிரீம் என்று விற்றே நான் கிழவனானேன். கடைசிக் காலத்தில்தான் இந்தச் சொக்ஸ் வந்தது. காலுறைதான், ஆனால் பிளாஸ்ரிக் பை மாதிரி இருக்கும். உள்ளே வழுவழுவென்று ஒரு தண்ணீர். தேசிக்காய்ப் புளிக்கு அண்ணன் முறையான ஏதோ அமிலம் என்று முதலாளி சொன்னார். காலை உள்ளே விட்டு, சொன்ன நேரம் வைத்திருந்து, எடுத்துக் கழுவிவிட வேண்டும். அன்றைக்கு ஒன்றும் நடக்காது. சில நாள் பொறுத்தால் காய்ந்த தோல் தானாகக் கழன்று விழும்.

நான் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் படம் பார்த்தேன். ஒரு பெண் காலை மேலே தூக்கிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிற அளவுக்குச் சுகமான சாமான் என்று நினைத்து, போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். விடியும்வரை கழற்றவில்லை. கூட நேரம் வைத்தால் கூட உரியும் என்பது என் கணக்கு. காலையில் கால் இரண்டும் அவித்த இறால் நிறத்தில் இருந்தன. பிறகு அது உரிந்த உரிவில், மனைவி விளக்குமாற்றோடு வந்து, "வீட்டுக்குள்ள பாம்பு செட்டை கழட்டியிருக்கு, பொடியளைக் கூப்பிடுங்கோ, அடிக்கட்டும்" என்றாள். அடிக்க வேண்டிய பாம்பு நான்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அதனால் ஒரு பாடம் கிடைத்தது. பெட்டியில் போட்டிருக்கிற நேரத்தைத் தாண்டக் கூடாது. வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். முதலில் முழங்கை மடிப்பில் ஒரு துளி பூசி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எரிந்தால், தடித்தால், அந்த ஆளுக்கு அது வேண்டாம். கலியாணத்துக்கு முந்தின கிழமை வந்து கேட்கிற பெண்ணுக்குக் கொடுக்காதீர்கள். தாலி கட்டும்போது மணவறையில் தோல் பறக்கும். பிறகு அவளுடைய தமையன்மார் கடைக்கு வருவார்கள். ஒரு மாதத்துக்கு முன்னமே வந்தால் கொடுங்கள்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. நான் உங்களுக்குச் சொல்ல வந்தது நாகேசக்காவின் கதை.

நாகேசக்கா உருத்திரபுரத்து ஆள். புருசன் இல்லை. வயலும் ஒரு மகனும்தான் அவருக்கு. மகன் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டு, எந்த நாட்டில் நிற்கிறான் என்று அவனுக்கே தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். அக்கா கடைக்கு வருவது எப்போதாவதுதான். வந்தால் குங்குமமும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு, எனக்கு நாலு ஏச்சும் தந்துவிட்டுப் போவார்.

சிறுபோக வயல் பச்சையாக இருந்த காலம். காலை வெயிலில் வெறுங்காலோடு வந்து கவுண்டருக்கு முன்னால் நின்றார். கையில் மஞ்சள் காப்பு.

"தம்பி, குதிக்கால் தேய்க்கிற கல்லு இருக்கோ? நல்லாச் சொரசொரப்பானதா ஒண்டு எடும்."

"என்னக்கா, இந்த வயசில மினுக்கிறியள். மாப்பிள்ளை ஆர்?"

"தீக்குழி. ஞாயிற்றுக்கிழமை மிதிப்பு. விசர்க்கதை கதையாமல் கல்லை எடும்."

எடுக்கத் திரும்பியவன் நின்றுவிட்டேன். அவர் நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்தது. வெளியே புழுதி பறக்கிற வெயில். வாசலிலிருந்து கவுண்டர் வரைக்கும் வலது பக்கம் மட்டும் ஒரு ஈர அடையாளம் வந்திருந்தது. தண்ணீரும் இல்லை, இரத்தமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம்.

லிப்ஸ்ரிக் பார்க்கிற பெண்கள் இருக்கிற கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ அக்கா, காலைக் காட்டுங்கோ" என்றேன்.

"என்ர காலை நீர் ஏன் பாக்கிறீர்?"

"கல்லுக்கு அளவு எடுக்க வேணும்."

காலைத் தூக்கினார். அடிப்பாதத் தோல் பழைய சாக்கு மாதிரிக் கிழிந்து தொங்கியது. இடைக்கிடை இழுத்துப் பிய்த்திருந்தார். குதிக்காலில் நல்ல தோலும் சேர்ந்து போய், வெடிப்புக்குள் சிவப்பாகத் தெரிந்தது. அந்தச் சிவப்புக்குள் ஒரு குறுணிக்கல் இறுகிக் கிடந்தது.

"அக்கா, இது நோகேல்லையோ?"

"எது?"

பிள்ளைகள், இந்தத் தொழிலில் "ஐயோ நோகுது" என்று கத்துகிற ஆளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அவர் தப்பிவிடுவார். "எது?" என்று கேட்கிற ஆளைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

கேட்டேன், சொன்னார். போன வருடம் தீ மிதித்தபோது குதிக்கால் வெடிப்புக்குள் தணல் ஒன்று ஏறி இருந்துவிட்டது. குழியை விட்டு வெளியே வந்து, அம்மன் கோயிலைச் சுற்றிக் கும்பிட்டு, வந்து நின்ற பிறகும் அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்தான் இறைச்சி கருகுகிற மணம் வருகிறது என்று குனிந்து பார்த்திருக்கிறாள்.

"சனம் என்ன சொன்னது தெரியுமோ? நேர்த்திக்கடனில பிழை, அதுதான் தணல் ஒட்டினதாம். எனக்கெல்லோ தெரியும். ஒரு சொட்டு நோ இல்லைத் தம்பி. அம்மாளாச்சி தன்ர கையில தாங்கினவா. அடுத்த கிழமையே என்ர பெடியன் போன் எடுத்தவன். பத்து மாசமாக் குரல் இல்லாமல் இருந்தவன், 'அம்மா, சாப்பிட்டியளோ' எண்டு கேட்டவன்."

"இப்ப?"

"இப்பவும் குரல் இல்லை. தைப்பொங்கலோட நிண்டுபோச்சு. அதுதான் இந்த முறை வெடிப்பே இல்லாமல் இறங்க வேணும் எண்டு நினைச்சன். தணல் ஒட்டக் கூடாது. ஆரும் குறை சொல்லக் கூடாது."

அக்காவுடைய மச்சாளின் மகள் பிரான்சிலிருந்து அனுப்பிய பார்சலில் இந்தச் சொக்ஸ் இரண்டு சோடி வந்திருக்கிறது. எழுத்து எல்லாம் பிரெஞ்சு. அக்கா வெடித்த காலோடு முதல் சோடியைப் போட்டார். இரண்டு நாளாகியும் உரியவில்லை. சாமான் பிழை என்று நினைத்து இரண்டாவதையும் போட்டார். பிறகுதான் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் செருப்புப் போடக் கூடாது. தோல் உரியத் தொடங்கிய காலோடு, வரம்பிலும் கிரவல் றோட்டிலும் வெறுங்காலாகத் திரிந்திருக்கிறார்.

அங்கே நடந்த பிழைகளைச் சேர்த்துச் சொல்கிறேன், கேளுங்கள். வெடிப்பு, புண், வெட்டுக்காயம் இருக்கிற காலுக்கு இது கூடாது. உரியவில்லை என்று இரண்டாம் முறை போடக் கூடாது. அது தன் நேரத்துக்குத்தான் உரியும். உரிகிற தோலை இழுக்கக் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை வைத்திருந்தால் தானாக வரும், வராததை விட்டுவிட வேண்டும். கல் போட்டுத் தேய்க்கக் கூடாது. புதுத்தோல் பச்சைப்பிள்ளை மாதிரி. வெயிலும் சேறும் வெறுங்கால் நடையும் அதற்கு ஆகாது. நூல் சொக்ஸ் போட்டுச் செருப்போடு நடக்க வேண்டும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

கவுண்டரில் முகத்துக்குப் பவுடர் போடுகிற பெரிய தூரிகை ஒன்று கிடந்தது. புதியதாக ஒன்றைப் பிரித்து எடுத்தேன்.

"அக்கா, கண்ணை மூடுங்கோ. உதால காலடியில தொடுவன். தொட்ட உடன சொல்லுங்கோ."

"என்ன விளையாட்டு உது?"

"ஒருக்கா மூடுங்கோவன்."

மூடினார். நல்ல தோல் இருந்த பெருவிரலடியில் தொட்டேன். விரல் நுனியில் தொட்டேன். மற்றக் காலிலும் தொட்டேன். கணுக்காலுக்குக் கிட்ட வந்தபோது, "ம், இப்ப" என்றார்.

"சரி, கண்ணைத் திறவுங்கோ."

"ஏன் தம்பி, காலடியில தொடப்போறன் எண்டனீர்?"

"தொட்டு முடிஞ்சுது அக்கா."

அவர் தூரிகையைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். அது வேறு யாரோ கடையில் மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

நான் என்னுடைய இடது செருப்பைக் கழற்றினேன். எனக்கு ஒன்பது விரல்கள்தான். சின்ன விரல் போன கதையை யாருக்கும் சொல்ல விரும்பமாட்டேன், ஏனென்றால் அது வீரக்கதை இல்லை. கூரைத்தகடு அடிக்கிற ஆணி ஒன்று செருப்புக்குள்ளால் ஏறி, நான் அந்த ஆணியோடு நாள் முழுக்கக் கடையில் நின்று கண்மை விற்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் செருப்புக் கழலவில்லை. மனைவி இழுத்தாள், நானும் இழுத்தேன். கழலாத செருப்பைப் பார்த்துச் சிரித்தவன் நான்தான். பிறகு ஆஸ்பத்திரியில் சிரிக்கவில்லை. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கூடிப்போய்க் கால் உணர்வு இல்லாமல் விறைத்திருக்கிறது என்றார்கள். எனக்குச் சீனி இருக்கிறது என்றே அன்றைக்குத்தான் தெரியும்.

அக்காவுக்கு அதைச் சொன்னேன். வழக்கம்போலச் சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப," என்றார், "போன வருசம் நோகாததும்…"

எனக்கு அவர் கேட்காத மிச்சக் கேள்வி முழுவதும் விளங்கிவிட்டது. நோகாதது சீனி வருத்தத்தால் என்றால், அம்மாளாச்சி தாங்கவில்லை. அம்மாளாச்சி தாங்கவில்லை என்றால், மகன் போன் எடுத்தது எதனால்? இனி எடுப்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் ஒரு பவுடர்த் தூரிகையால் அந்த மனிசியிடம் மிச்சம் இருந்த ஒன்றையும் தட்டி விழுத்திவிட்டேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தலாம். ஞாயிற்றுக்கிழமை அவர் இறங்குவார். நோகாது. மெதுவாக நடப்பார். தோலில்லாத குதிக்காலோடு நடப்பார். அல்லது, எல்லாம் அம்மாளாச்சி பார்த்துக்கொள்ளுவா என்று சொல்லிக் கல்லை விற்கலாம். அப்போதும் இறங்குவார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மாளாச்சியைப் பற்றி எனக்குத் தெரியாது அக்கா. அவா தாங்கினவாவோ இல்லையோ, அது உங்கட ரெண்டு பேரின்ர கதை. எனக்குக் காலைப் பற்றித்தான் தெரியும். இந்தக் கால் குழிக்குள்ள இறங்கினா, அடுத்த வருசம் இறங்கிறதுக்குக் கால் இருக்காது."

"ஒரு கால் போனா என்ன. எனக்கு ஒரு பிள்ளைதானே."

முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரிக்கு என்றால் ஏறமாட்டார். வார்ட்டில் படுக்க வைத்து மறித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். "கோயிலுக்குப் போவம், பூசாரியார் இறங்கச் சொன்னா நான் வாயே திறக்கமாட்டன்" என்றேன். ஏறினார்.

சொல்லிவிட்டேனே தவிர, பூசாரியார் இறங்கு என்று சொன்னால் என்ன செய்வது என்று நான் யோசித்திருக்கவில்லை. முதலில் பேசிவிட்டுப் பிறகு யோசிப்பது என் பழக்கம். அதை நீங்கள் பழகாதீர்கள்.

பூசாரியார் குழிக்கு விறகு இறக்கிக்கொண்டு நின்றார். பெரிய கோபக்காரர். அக்காவின் காலைக் குனிந்து பார்த்தார்.

"இந்தக் காலோட இறங்க விடமாட்டன்."

"காப்புக் கட்டிப்போட்டன் ஐயா."

"கட்டினது நான்தானே. எனக்குத் தெரியும். பால்குடத்தோட குழியடியில நில். மிதிச்சு வாறவையின்ர காலுக்கு நீ பால் வார். அதுவும் நேர்த்திதான்."

"மிதிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். அவாவுக்குச் சொன்னனான்."

"அவாவோட நான் கதைக்கிறன். நீ சொன்னதைச் செய்."

அக்கா வாதாடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னோடு இரண்டு சதக் கற்பூரக்கட்டிக்குக்கூட வாதாடுகிற மனிசி அவர்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். குழியின் மறுகரையில் அக்கா நின்றார். காலில், மிதிப்பு முடிய வந்து படுக்கிறேன் என்று சொல்லிப் போடுவித்த ஆஸ்பத்திரிக் கட்டு, அதற்கு மேலே மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தணலைக் கடந்து ஓடி வந்தார்கள். அவர் ஒவ்வொருவருடைய காலுக்கும் பால் வார்த்தார். தலை நிமிர்ந்து ஒருவரையும் பார்க்கவில்லை. கால்களை மட்டும் பார்த்தார். எல்லாரும் வந்து முடிந்த பிறகு குடத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் தணலுக்குள் ஊற்றினார். அது சீறிய சத்தம் இப்போதும் எனக்குக் காதுக்குள் இருக்கிறது.

அடுத்த நாள் வார்ட்டில் மறித்தார்கள். பிறகு நாளுக்கு நாள் கட்டு மாற்றினார்கள். மழைக்காலம் தொடங்கும்போது குதிக்காலில் புதுத்தோல் மூடியது. ஒரு விரலும் போகவில்லை. டொக்ரர், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்றாராம். அதைக் கேட்டு நான் கடையில் எல்லாருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். கதையை அங்கே நிறுத்தியிருந்தால் எனக்கு நல்ல பெயர்.

அதற்குப் பிறகுதான் அக்காவுக்குப் போன் வந்தது. மகனோடு ஒன்றாகப் போன பெடியன் ஒருவன். எல்லையில் ஒரு காடு, நாட்கணக்காக நடை, சப்பாத்துக்குள் தண்ணீர். மகனுக்குக் கால் புண்ணாகி வீங்கிவிட்டது. நடக்க ஏலவில்லை. கூட்டிக்கொண்டு போனவன், நிற்கிறவனுக்காக ஒருவரும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு வந்தார்கள். திரும்பிப் போய்ப் பார்க்க முடியவில்லை. பிறகு வேறு ஒரு கூட்டம் அந்த வழியால் வந்தபோது அவனுடைய உடலைக் கண்டிருக்கிறது.

"எப்ப? எந்த மாசம்?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"அங்க நாங்கள் நாள் பாக்கேல்லை அம்மா."

திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். தீ மிதிப்புக்கு முன்னமா, பிறகா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பெடியனுக்குத் தீ மிதிப்பு எப்போது என்றே தெரியாது. அவன் அழுதுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

கொஞ்ச நாளில் அக்கா கடைக்கு வந்தார். செருப்புப் போட்டிருந்தார். இரண்டு காலும் நல்ல கால். அவற்றைப் பார்க்க எனக்குத்தான் கூசியது. கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. கவுண்டர்க் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, நான் மிதிச்சிருந்தா அவன் நடந்திருப்பானோ?"

என் வாயில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். செத்த வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவன் நான். அன்றைக்குக் கவுண்டரில் கிடந்த சீப்புகளைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன். கடையில் வேறு சனமும் நின்றது. ஒரு பெண் நகப்பூச்சைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்தாள். பிள்ளைகள், உங்களிடமும் ஒருநாள் யாராவது இப்படிக் கேட்பார்கள். நீங்கள் சரியாகத்தான் செய்திருப்பீர்கள். செய்தது சரி என்பது அந்த நேரத்தில் ஒரு மறுமொழி இல்லை. நான் கவுண்டரை விட்டு வெளியே வந்து, அவருக்கு முன்னால் நின்று சொன்னேன்—

"இஞ்சேருங்கோ. இன்னும் கதைச்சு முடியேல்லையோ? நாகேசக்கா வந்து படலையில நிக்கிறா. இண்டைக்கு ரெண்டு பேருக்கும் சீனிக் கிளினிக் எல்லோ." என் மனைவி முற்றத்தில் இருந்து கூப்பிடுகிறாள்.

"உள்ள வந்து இருக்கச் சொல்லன்."

"ஒவ்வொரு மாசமும் சொல்லிப் பாக்கிறன்தானே. உங்கட வீட்டுப் படி ஏறமாட்டாவாம். கூடப் போறதுக்கு மட்டும் வருவா."

பிள்ளை, நீ எழுதினது காணும், பேனையை வை. அவா வெயிலுக்க நிக்கிறா.